வேப்பனூத்துக்காரர்கள் கோயிலுக்குப் போன நாள்

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே ஜெயபாண்டி லேபர் காண்ட்ராக்டர். உசிலம்பட்டிப் பக்கம் வேப்பனூத்திலிருந்து பதினேழு வயதில் பஸ் ஏறி வந்தவர், இப்போது சொந்த ஊர்க்காரர்கள் முப்பத்தெட்டுப் பேரை அங்கே வேலைக்கு வைத்திருக்கிறார். அதில் ஒருவர் பெயர்கூடக் கம்பெனிப் பதிவேட்டில் கிடையாது. அடையாள அட்டை இல்லை, பி.எஃப். இல்லை. விரலில் ஊசி ஏறினால் ஜெயபாண்டியின் பைக்தான் ஆம்புலன்ஸ்!

பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியான ‘பையர்’ ஆடிட்டுக்கு ஆள் அனுப்பினால், பதிவேட்டில் இல்லாதவர்கள் கண்ணில் படக் கூடாது. பின்கேட்டில் வேன் நிற்கும். நேரே திருமுருகன்பூண்டி கோயில்.

"வெள்ளக்காரன் புண்ணியத்துல இந்த வருசம் நாலாந்தடவ சாமி கும்பிடுறோம். சாமியே நம்மளப் பாத்துச் சலிச்சுப் போயிருக்கும்" என்பாள் ஓவர்லாக் டெய்லர் ஒச்சாயி. ஜெயபாண்டிக்கு மதினி முறை.

ஒச்சாயியின் மகள் தேவிப்பிரியா ஊரில் பெரியம்மா வீட்டில் தங்கிப் பத்தாவது படிக்கிறாள். கம்பெனி தென் மாவட்டத்துப் பக்கம் ஒரு தையல் யூனிட் போடப்போவதாக ஒரு பேச்சு கிளம்பியதிலிருந்து ஒச்சாயிக்குத் தரையில் கால் பாவவில்லை. "நம்மூர்லயே மிசினு போட்டா, காலைல புள்ளைக்குச் சடை பின்னிவிட்டு வேலைக்குப் போவேன் கொழுந்தனாரே!" தினமும் இதே பாட்டு.

அந்தச் செவ்வாய்க்கிழமை வாட்ச்மேனிடமிருந்து போன். "பையர் ஆளுங்க கார்ல வர்றாங்க." யாரையும் எதுவும் கேட்கவில்லை ஜெயபாண்டி. பழக்கம். பத்தே நிமிடத்தில் முப்பத்தெட்டுப் பேரும் வேனில் ஏறிப் போய்விட்டார்கள்.

வேனை அனுப்பிவிட்டு அவர் உள்ளே வந்தால், முதலாளி மகுடேஸ்வரனின் மகள் ஜனனி கையில் பேப்பரோடு ஒவ்வொரு மிசினாகப் போய் எழுதிக்கொண்டிருந்தாள். கூடவே வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர்.

"இது ஆடிட் இல்லீங்கண்ணா. எந்த ஊர்க்காரங்க அதிகம் பேர் இங்க வந்திருக்காங்களோ, அந்த ஊர்லயே நம்மளை யூனிட் போடச் சொல்றாங்க இவங்க. அப்புறம் யாரும் ஊட்டை உட்டுப்போட்டு இங்க வர வேண்டியதில்லீங்க. உங்கூர்ல இருந்து எத்தன பேருங்க?"

ஜெயபாண்டியின் கையிலேயே போன். ஒரு வார்த்தை சொன்னால் வேன் திரும்பிவிடும். ஆனால் பெயரே இல்லாத முப்பத்தெட்டுப் பேர் வரிசையாக வந்து நின்றால்? மகளுக்குப் பின்னால் நின்ற மகுடேஸ்வரன் அவரைப் பார்த்தார். சும்மா பார்த்தார், அவ்வளவுதான்.

"நான் ஒருத்தன்தாங்க" என்றார் ஜெயபாண்டி.

ஜனனி எழுதிக்கொண்டாள். மகுடேஸ்வரன் அவர் தோளில் தட்டி, "டீ குடிச்சுப்போட்டுப் போங்க" என்றார்.

ஒரு மாதம் போயிருக்கும். செக்கிங் மாஸ்டர் அந்தோணிராஜ் லட்டு டப்பாவோடு ஒச்சாயியிடம் ஓடிவந்தான். "எங்க விளாத்திகுளத்துக்கு யூனிட் வருதுக்கா!"

"நீங்க எத்தன பேருய்யா இருக்கீக?"

"பதினாறு பேருக்கா."

"நாங்க முப்பத்தெட்டுல்ல!"

"அன்னைக்கு ஜனனி மேடம் ஒவ்வொருத்தரா கேட்டு எழுதுனாகளே... நீங்க எங்க போயிருந்தீக?"

ஒச்சாயி லட்டை அப்படியே மிசின் மேல் வைத்தாள். நேராக ஜெயபாண்டியிடம் வந்தாள்.

"எண்ணும்போது நீங்க எங்கிட்டு இருந்தீக?"

"இங்கனதான் நின்னேன் மதினி."

"கேட்டாகளா?"

"கேட்டாக."

"என்ன சொன்னீக?"

பொய் சொல்லலாம். நாலைந்து பொய் வரிசையாக வாய்க்கு வந்ததுதான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எதுவும் வெளியே வரவில்லை.

"நான் ஒருத்தன்தான்னு சொன்னேன்."

அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை. மண்ணை வாரித் தூற்றியிருந்தாலும் தாங்கியிருப்பார். அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்து, ஒரு நம்பரை அழுத்தி, அவர் கையில் திணித்தாள்.

"அம்மா ஊருக்கே வந்துரும்னு புள்ள நெனச்சுக்கிட்டு இருக்கா. நீங்களே சொல்லுங்க."

போய்விட்டாள். மறுமுனையில் மணி அடித்தது. எடுத்தார்கள்.

"அம்மா?"

ஜெயபாண்டி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"நான்... சித்தப்பா பேசுறேன்த்தா."