காந்தி ஜெயந்தி விருந்து

சம்பந்தி வீட்டில் இதுவரை ஒரு துண்டு கறி கண்டதில்லை என்று அக்காவுக்குப் புகுந்த வீட்டில் தினமும் குத்தல். அதனால் அவளுடைய மாமனார் சாப்பிட வருவதாகச் சொல்லியனுப்பியதும், கறி போட்டு அந்தப் பேச்சை நிறுத்திவிட வேண்டும் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். விருந்து காந்தி ஜெயந்தியன்று என்பது முதல் நாள் மாலைதான் உறைத்தது. அன்றைக்கு ஊரில் ஒரு கறிக்கடையும் திறக்காது.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கவலையே படவில்லை. விடிந்ததும் ஐயம்பேட்டைப் பக்கம் போய், யாரிடமோ ஆட்டுக்கறி வாங்கி, பட்டு நூல் கொண்டுவரும் பையில் போட்டு எடுத்து வந்துவிட்டார். தறிகள் நிறைந்த எங்கள் தெருவில் நூல் பையோடு போகிறவரை யார் நிறுத்திக் கேட்பார்கள்?

பள்ளிக்கூடத்தில் அன்று படத்துக்கு மாலை போட்டு, பொய் பேச மாட்டோம் என்று எங்களை உறுதிமொழி சொல்ல வைத்து, ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து அனுப்பினார்கள். மிட்டாய் கரைவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன். தெருமுனையிலேயே குழம்பு மணத்தது.

அக்காவின் மாமனார் வாலாஜாபாத்தில் விவசாயம் பார்த்துக்கொண்டே கட்சியிலும் இருந்தவர். காலையில் சிலைக்கு மாலை போட்டு, கொல்லாமை பற்றிப் பேசிவிட்டு நேராக வந்தார். கூடவே கதர்ச் சட்டையில் கட்சிக்காரர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார்.

"இன்னா தலைவரே, கறி வாசன வருது?"

மாமனாரின் முகம் வெளுத்துவிட்டது. கறி போட்டால் அவர் மானம் போகும். போடாவிட்டால் அக்கா பாடு திண்டாட்டம். அம்மா கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள்.

"மீல் மேக்கர்ணா. கறி மசாலா போட்டாத்தான் அத்த வாயில வெக்க முடியுது."

பிறகு உள்ளே போய்க் குழம்பிலிருந்து எலும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். என்னை யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டுமே என்று நான் தண்ணீர்ச் சொம்போடு கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. வாசனை பிடித்தவர்தான் மூன்று முறை குழம்பு கேட்டார். "எங்க ஊட்லயும் பண்றாங்கோ, இப்டி பதமா வரமாட்டுதுமா" என்றார்.

அம்மாவின் கைக்குத் தப்பிய எலும்பு ஒன்று மாமனாரின் இலையில் போய் விழுந்தது. அதை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் மெதுவாக முருங்கைக்காய்ச் சக்கைக்கு அடியில் தள்ளிவிட்டார். பாவம், எலும்புக்கும் முருங்கைக்காய்க்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

புறப்படும்போது எல்லார் காதிலும் விழும்படி அக்காவிடம், "உங்கம்மாகிட்ட சமையல் கத்துக்கோமா" என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் குத்தல் பேச்சு இல்லை.

அடுத்த வருஷம் காந்தி ஜெயந்திக்கும் வந்தார், தனியாக. செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்:

"இன்னிக்கும் மீல் மேக்கர்தானே தங்கச்சி?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். மாமா நூல் பையைத் தேடி எடுத்து உதறினார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவ்வளவு பெரிய வாலாஜாபாத் சந்தையில் மீல் மேக்கர் கிடைக்காமலா இந்த மனிதர் இத்தனை தூரம் பஸ் ஏறி வருகிறார்?