மாமா காயவைத்த மக்காச்சோளம்

கோழித்தீவன மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுச் சூடு பார்ப்பார் மாமா. நடு மூட்டை கதகதப்பாக இருந்தால் உள்ளே ஈரம் நிற்கிறது என்று அர்த்தம். முட்டைக்கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம்தான். அது கெட்டால் எல்லாம் கெட்டது. இவ்வளவும் தெரிந்த மனுஷன்தான் கோழியில் நொடிந்துபோனார்.

மாமா என் அத்தையின் கணவர். கல்யாணமான நாளிலிருந்து போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில், பச்சை ஏலக்காயைச் சூட்டறையில் உலர்த்தும் ஸ்டோரில், தீ போடுகிற வேலை. அத்தை கீழே சிலமலையில் தனியாக. பிள்ளைகளும் இல்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஜீப்பில் இறங்கி வருவார், மறுநாளே ஏறிவிடுவார். இதெல்லாம் ஒரு குடித்தனமா? கொட்டகை போட்டுக் கோழி வாங்கியதே அவர் இனி மலையேறக் கூடாது என்பதற்காகத்தான். "இனிமே அவுக எங்கயும் போக வேணாம்டி" என்று அத்தை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நன்றாகத்தான் ஓடியது. ஓர் ஐப்பசியில் மழை விடவே இல்லை. வாங்கிப் போட்டிருந்த மக்காச்சோளம் நனைந்து பச்சையாகப் பூஞ்சை பிடித்தது. வேறு யாராக இருந்தாலும் குப்பையில் கொட்டியிருப்பார்கள். மாமா ஏலக்காய்க்காரர் ஆயிற்றே! ஈரம் பட்டுப் பூஞ்சை பூத்த காயை மறுபடி சூட்டறையில் போட்டு, தேய்த்துப் புடைத்து, நல்ல காயாக்குவதை ஆயுசு முழுக்கச் செய்தவர். மூட்டைகளை ஜீப்பில் ஏற்றித் தன் பழைய ஸ்டோருக்கே கொண்டுபோனார்.

"பூத்ததையா மாமா கோழிக்குப் போடப்போறீக?" என்றேன்.

"நீ சும்மா இரு ஆத்தா. ஏலக்காயவே காப்பாத்துன கை. இந்தச் சோளம் எம்மாத்திரம்? நான் போடுற சூட்டுல பூஞ்சை கீஞ்சை ஒன்னும் நிக்காது."

இறங்கி வந்த சோளம் கலகலவென்று, புதிதுபோல் இருந்தது. மூட்டைக்குள் கதகதப்பே இல்லை. அத்தை அதை அரைத்து, சோயாப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் கலந்து வைத்தாள். கோழிகள் ஆசையாகத் தின்றன.

முதலில் முட்டை குறைந்தது. ஓடு மெலிந்தது, கொண்டை வெளுத்தது. பிறகு காலையில் கொட்டகையைத் திறந்தாலே செத்துக் கிடந்தன. கால்நடை டாக்டரம்மா ஒன்றை அறுத்துக் காட்டினார். ஈரல் மஞ்சளாகி, தொட்டால் உதிர்ந்தது. "பூஞ்சைதான் அண்ணே சூட்டுல சாகும். அது சோளத்துக்குள்ள விட்ட விஷம் சாகாது" என்றார். மிச்சத் தீவனத்தையும் செத்த கோழிகள் அத்தனையையும் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். மண் தள்ளும்போது அத்தை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அவள் ஒப்பாரி வைத்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

இப்போது தீவன ஆலைகளில் சோளம் இறங்கியதுமே நஞ்சு இருக்கிறதா என்று சோதித்துவிடுகிறார்களாம். சோதிக்கட்டும், நல்லதுதான். எங்களுக்கு என்ன ஆகப்போகிறது? தள்ளாத வயதில் மாமா மறுபடி அதே ஸ்டோரில் தீ போடுகிறார்.

போன பொங்கலன்று நான் அத்தை வீட்டில் இருந்தபோதுதான் அவர் வந்து இறங்கினார். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை. அத்தை செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"திரும்ப ஜீப்பு எப்ப?" என்று கேட்டாள்.

"காலைல."

"சரி" என்றாள் அத்தை.