தம்பியின் பாஸ்போர்ட்டில் போனவர்

ராயபுரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் வாத்தியாராக இருந்தார் என் வீட்டுக்காரர். ஆள் குறைத்தபோது அவர் வேலை போயிற்று. சுமத்ராவில், மேடான் ஊரில், அங்கிருக்கும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் வேண்டுமென்று ஒரு கடைக்காரர் எழுதியிருந்தார். ஆனால் டச்சுக்காரர் ஆண்ட அந்த ஊரில் வாத்தியாராக இறங்க அனுமதிச் சீட்டு வேண்டும். நாயாய் அலைந்தும் கிடைக்கவில்லை.

ஹார்பரில் வேலை பார்த்த என் கொழுந்தன், அதே கடைக்குக் குமாஸ்தாவாகப் போகப் பாஸ்போர்ட்டும் சீட்டும் வாங்கி வைத்திருந்தான். கடைசி நேரத்தில் அவனுக்குக் கப்பலேற மனம் வரவில்லை. அண்ணன் தம்பிக்கு ஒரே முகஜாடை. "என் பேர்ல போ அண்ணாத்தே. யாருக்கு இன்னா தெரியப் போவுது?" என்றான். நானும்தான் தலையாட்டினேன். எனக்கு நன்றாக வேண்டும்.

குமாஸ்தா என்ற பேரில் போய்க் கடைக்குள்ளேயே ரகசியமாகப் பாடம் நடத்தினார். பிடிபட்டால் ஜெயில் என்பதால் கடிதத்தில் பள்ளிக்கூடம் என்ற சொல்லே இராது. பிள்ளைகளை மூட்டைகள் என்று எழுதுவார். "ஒரு சின்ன மூட்டை இந்த வாரம் தானாக வாசித்தது" என்று எழுதி என்னைச் சிரிக்க வைத்தார்.

மூன்றாம் வருஷம் ஒரு மத்தியானம் சர்க்கார் உறை ஒன்று வந்தது. சாப்பிட வந்திருந்த கொழுந்தன் இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"அண்ணி, நான் செத்துப் பூட்டேனாம். மேடான் ஆஸ்பத்திரில ஜொரத்துல பூட்டேனாம்."

நானும் சிரித்தேன். பாவி, நான் சிரித்தேன். பிறகுதான் அவன் முகம் மாறியது. "அண்ணாத்தே" என்று தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கடைக்காரரின் கடிதம் பின்னால் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டைக் கேட்டுத் துருவுவார்களே என்று பயந்து, காய்ச்சலோடு எட்டு நாள் கடையிலேயே படுத்துக் கிடந்தாராம். நினைவு தப்பிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்களாம். கல்லறைச் சிலுவையில் சீட்டிலிருந்த பெயரையே எழுதிவிட்டார்களாம். "மாற்ற வேண்டுமானால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சொன்னால், இப்போது வேறு ஆளை வைத்து நடத்தும் பள்ளியை மூடிவிடுவார்கள். உங்கள் இஷ்டம் அம்மா" என்று முடித்திருந்தார்.

என் இஷ்டமாம். ஆள் செத்த பிறகு என் இஷ்டம் கேட்கிறார் கடைக்காரர்.

"மாத்தச் சொல்லு அண்ணி. நான் ஜெயிலுக்குப் போனாலும் பரவால்ல" என்று கொழுந்தன் அழுதான். ஒரு வாரம் அந்தக் கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தேன். பிறகு, மாற்ற வேண்டாம், பிள்ளைகள் படிக்கட்டும் என்று எழுதிப் போட்டேன். பெரிய மனசு என்று நினைக்காதீர்கள். எழுதும்போது அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு ஆத்திரம்தான் இருந்தது.

அடுத்த வருஷம் எங்கள் தெருக்காரர் ஒருவர் மேடானுக்குக் கப்பலேறினார். என் வீட்டுக்காரர் கல்லறையில் ஒரு பூ வைத்துவிட்டு வரும்படி கெஞ்சிக் கேட்டேன்.

"வெக்கிறேம்மா. இன்னா பேருன்னு பாத்து வெக்கட்டும்?"

கட்டிய நாள் முதல் என் புருஷன் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்று சொல்லியிருப்பேன். சொல்லி என்ன, அந்தப் பெயரில் அங்கே யாரும் இல்லை. பக்கத்தில் நின்ற கொழுந்தனின் பெயரைச் சொன்னேன்.