பூசை நாளில் எழுப்பிய இயந்திரம்

ஆயுத பூசையன்று கருவியைத் தொடக்கூடாது. அரிவாள், தராசு, தையல் மெஷின் எல்லாம் அன்று சும்மா இருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில் அந்த வரிசையில் கம்ப்யூட்டரும் வந்து உட்கார்ந்துகொண்டது.

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஓர் ஆச்சி நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். மூலையில் இருந்த மெஷினை மட்டும் லினக்ஸ் என்கிற மென்பொருள் ஓட்டியது. காலையில் அது மோடம் வழியாக மதுரையிலிருந்த இணைய நிலையத்துக்குப் போன் போட்டு, வாடிக்கைக்காரர்களின் ஈமெயிலையெல்லாம் அள்ளிவந்து தன் டிஸ்கில் வைத்துக்கொள்ளும். அள்ளியபின் மதுரையில் எதுவும் மிஞ்சாது.

பூசையன்றும் அள்ளினேன். பிறகு பொரி வாங்கப் போனேன். நான் திரும்புவதற்குள் ஆச்சி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, ஓய்வெடுக்கட்டும் என்று மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார்கள். அப்போது லினக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்கில் எதையோ எழுதிக்கொண்டிருந்த அதன் கை அப்படியே நின்றுபோனது.

மதியத்துக்கு மேல் வாத்தியார் வந்தார். தேவகோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் மலேசியாவில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவனும் கூட வேலை பார்த்தவர்களும் தங்கியிருந்த கொட்டகையில் போன் கிடையாது. கூட்டாளி ஒருவன்தான் தன் ஆபீசிலிருந்து ஈமெயில் போடுவான். எங்களிடம் படித்துக்கொண்டிருந்த வாத்தியாரின் மகள் அதைப் பிரிண்ட் எடுத்துப்போய் வீட்டில் வாசித்துக் காட்டுவாள். அன்று சென்டருக்கு லீவு. முந்தின நாள் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். அவரே பஸ் ஏறி வந்துவிட்டார்.

மாலையையும் சந்தனத்தையும் பார்த்தார். செருப்பைக் கழற்றப் போனவர் மறுபடி காலை நுழைத்துக்கொண்டார். "நாளைக்கு வாரேன்" என்றார்.

ஆச்சி விடவில்லை. "எங்குட்டுப் போறீக சார்? உக்காருங்க." மெஷினின் மாலையைத் தன் கையாலேயே எடுத்தார்கள். "பிள்ளை காரியம். சரஸ்வதி ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டா. போடுப்பா."

போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின, ஓடின, நின்றன. டிஸ்க் தாறுமாறாகக் கிடக்கிறது, நீயே கையால் சரிசெய் என்ற அறிவிப்பு. லினக்ஸை அந்த மாதிரிப் பிடுங்கி அணைக்கக்கூடாது. முதலில் அதனிடம் சொல்ல வேண்டும், கையிலிருப்பதை இறக்கிவைக்க நேரம் கொடுக்க வேண்டும். இதை ஆச்சியிடம் எப்போதோ சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள். "நாந்தேன் அணைச்சேன், ரேடியோவை அணைக்கிற மாதிரி" என்றார்கள், வாத்தியாரைப் பார்த்து.

சரிபார்க்கும் கட்டளையைக் கொடுத்தேன். அது கேள்வி கேட்க ஆரம்பித்தது. இதன் கணக்கு ஒத்துவரவில்லை, திருத்தட்டுமா? இது யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது, எடுத்துவைக்கட்டுமா? ஒவ்வொன்றுக்கும் ஆம், ஆம் என்று தட்டினேன். எந்த ஆமில் எது போகும் என்று எனக்கும் தெரியாது. எத்தனையோ காரியங்களுக்கு அதற்குப் பிறகும் அப்படித்தான் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் அன்று பக்கத்தில் ஒருவர் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மெஷின் எழுந்தது. ஈமெயில்கள் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

லினக்ஸில் ஓர் அறை உண்டு. பெயர் தொலைந்த கோப்புகளையெல்லாம் அங்கே கொண்டுபோய்ப் போடும். உள்ளடக்கம் இருக்கும், பெயர் இருக்காது, வெறும் எண். பெயர் தெரியாமல் கரையொதுங்கிய உடல்களை வரிசையாகப் படுக்கவைத்த மாதிரி. கடிதம் அவர் மகளின் பெயருக்குத்தான் வரும்; அதில் எந்தக் கோப்புக்குள் அந்தப் பெயர் இருக்கிறது என்று தேடச் சொன்னேன். ஒன்றில் இருந்தது.

இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். கண்ணாடி போட்டும் வாத்தியாருக்குக் கூட்டிப் படிக்க வரவில்லை. நான் வாசித்தேன். ஆபரேஷன் முடிந்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் இல்லை. கண் விழித்துக் கஞ்சி குடித்தான்.

"அந்தக் கடைசி வரிய இன்னொருக்கா வாசி" என்றார். வாசித்தேன்.

பதில் போட வேண்டும் என்றார். மோடம் கூவி மதுரையைப் பிடித்தது, ஆனால் கடிதம் நகரவில்லை. இணையத்தில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பெயரும் ஓர் எண்ணும் உண்டு. எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் எதிர்முனை பதில் சொன்னது; பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இல்லை. பெயருக்கு எண் கண்டுபிடிக்கும் வழி எழுதிய கோப்பும் டிஸ்கின் குழப்பத்தில் போயிருந்தது. ஒரே வரி. எழுதிச் சேர்த்தேன். அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன்: நேரத்துக்குச் சாப்பிடு. அழாதே. அம்மா சுகம். கடிதம் போய்ச்சேர்ந்தது.

பிறகு தன் மகனின் செய்தி இருந்த அந்தத் திரையை மறுபடி கொண்டுவரச் சொன்னார். வெகுநேரம் பார்த்தார்.

"இதை அழிச்சிரு."

எனக்குப் புரியவில்லை. இவ்வளவு நேரம் தேடி எடுத்தது.

"நாளைக்கு மக வந்து பாப்பா. பாத்தா அவ ஆத்தாட்ட வாசிப்பா. பொய் வாசிக்கத் தெரியாது அவளுக்கு."

ஆச்சி மெதுவாகக் கேட்டார்கள்: "பெத்தவளுக்குத் தெரியாம எம்புட்டு நாளைக்கு சார் வச்சிருப்பீக?"

"அவன் வர்ற வரைக்கும். கட்டைக்கால் வச்சாவது வாசல்ல வந்து நிக்கட்டும். நிக்கிறவனைப் பாத்துட்டு அழுதா அது வேற ஆச்சி."

அழிக்கும் கட்டளையை எழுதி முடித்தேன். லினக்ஸ் இதற்கு மட்டும் கேள்வி கேட்காது. அழித்தால் அழித்ததுதான், திரும்ப எடுக்க முடியாது என்றும் சொன்னேன். வாத்தியார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். எதைத் தட்ட வேண்டும் என்று கேட்டார். காட்டினேன். சந்தனம் பட்டிருந்த அந்தப் பொத்தானை ஒரு விரலால் அழுத்தினார். விரலை உடனே எடுக்கவில்லை.