கார் விளக்குக்குப் போட்ட புளி

என் குத்துவிளக்குகளின் மினுக்கத்தை அயலெல்லாம் மெச்சும். அந்தத் தலைக்கனத்தில்தான் ஒரு நாள், கணவரின் பழைய காரின் முன்விளக்குகள் மங்கிக் கிடப்பதைக் கண்டு, கண்ணாடிகளைக் கழற்றி, உள்ளே வெளிச்சத்தைத் தெறிக்கவைக்கும் கிண்ணங்களைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். வெள்ளிப் பூச்சுப் போய்ப் பித்தளை தெரிந்தது. பயத்தில் ஒருவருக்கும் சொல்லாமல் கண்ணாடிகளைத் திரும்பப் பூட்டிவிட்டேன்.

பொழுதுபட, விளக்குகள் முன்னிலும் மங்கலாக எரிந்தன. கணவர், எங்கள் கார்ச் சாரதி சின்னத்தம்பி மீது சீறினார்.

"என்ன செய்து வைச்சிருக்கிறாய்? நாளைக்கு வேலைக்கு வராதை!"

சின்னத்தம்பி கண்ணாடியைத் திறந்தார். உள்ளே ஒரு புளித்தும்பு ஒட்டியிருந்தது. என்னை ஒரு கணம் பார்த்தார். அதை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டார்.

"பிழைதான் ஐயா."

நான் கணவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"இஞ்சாருங்கோ, அவரை ஏசாதேங்கோ. நான்தான் புளி போட்டு மினுக்கினனான்."

மறுநாளே என் சீதன வெள்ளிச் செம்பைத் தட்டாரிடம் கொடுத்து, அந்த வெள்ளியால் இரண்டு கிண்ணங்களுக்கும் தடிப்பாக முலாம் பூசுவித்தேன். திரும்பப் பூட்டிய மாலை, வெளிச்சம் எங்கள் ஒழுங்கைத் தெருவின் முடிவிலிருந்த பனைகளையும் தாண்டிப் போனது.

"உந்த வெளிச்சம் ஆரின்ரை வேலை தெரியுமே? என்ரை மனிசியின்ரை!" என்று கணவர் போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார்.

எனக்கும் பெருமை தாங்கவில்லை. என்றாலும், சின்னத்தம்பி அந்த விளக்கைப் போடும்போதெல்லாம் என் கண் முதலில் போனது புளித்தும்பைப் பொத்திய அவருடைய கைக்குத்தான்.