நூறு சதவீதத் தேர்ச்சி

அந்தப் பள்ளி அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக டைப் அடித்துக்கொண்டிருந்தவளுக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் டி.சி. அக்கா. பொதுத் தேர்வு நெருங்கும்போது, கணக்கில் தேறாத பிள்ளைகளின் பட்டியல் அவள் மேஜைக்கு வரும். ‘என் சொந்த விருப்பத்தின் பேரில் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுகிறேன்’ என்று பெற்றோர் எழுதியதுபோல ஒரு கடிதத்தை இவளே அடித்து, கையெழுத்து வாங்கி, டி.சி.யைக் கொடுத்து அனுப்பிவிட வேண்டும். இப்படிக் களையெடுத்துத்தான் தலைமையாசிரியர் வாசலில் ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ என்று ஆளுயரப் பலகையில் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருக்கும். துப்பியதில்லை. வேலை போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடித்துக் கொடுத்தாள். அந்த விதத்தில் அவளுக்குத் தன்மேலும் பெரிய மரியாதை கிடையாது.

அந்த வருடம் தலைமையாசிரியருக்குப் புதுப் பித்து ஒன்று பிடித்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தோல்வியைத் தாங்கத் தெரியவில்லையாம். அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார். பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்.

அன்று காலையிலேயே ஏழு பேர் பட்டியலும் வந்தது.

“மதியத்துக்குள்ள முடிச்சிரும்மா. அப்பா அம்மாவெல்லாம் ஹால்லதான் இருக்காங்க. அப்படியே கையெழுத்து வாங்கிரலாம்” என்றார் தலைமையாசிரியர். அந்த ஆளுக்குக் கூச்சம் என்ற ஒன்றைப் படைக்கவே மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

பட்டியலில் இருந்த தையல்காரியின் மகள் ஜன்னலோரம் வந்து நின்றாள். “கணக்குல இருபத்திமூணு எடுத்ததுக்கு ஸ்கூலை விட்டே போகணுமாக்கா?”

ஹாலில் கைதட்டல் கூரையைப் பிளந்தது. டி.சி. அக்கா எட்டிப் பார்த்தாள். கோட்டுப் போட்ட பயிற்சியாளர், காதோரம் மைக்கை மாட்டிக்கொண்டு மேடையில் குதித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் காகிதப் பந்தை வாளியில் எறிய வேண்டும். விழாவிட்டால் எல்லாரும் கை தட்ட வேண்டும். சில பிள்ளைகள் கைதட்டுக்காகவே சுவரில் எறிந்தார்கள்.

“தோல்வி நம்ம ஃப்ரெண்டு! சத்தமா சொல்லுங்க!”

தலைமையாசிரியரும் சத்தமாகச் சொன்னார். அதுவரை எதையெல்லாமோ பொறுத்தவளுக்கு அது பொறுக்கவில்லை. அடித்து முடித்திருந்த காகிதங்களை அள்ளிக்கொண்டு ஹாலுக்குள் நுழைந்தாள். பயிற்சியாளர் அவளைப் பார்த்துச் சிரித்தார். “வாங்க மேடம், கேள்வி கேக்கலாம்!”

“சின்ன சந்தேகம் சார். கணக்குல தோத்த ஏழு பேருக்கு இன்னிக்கு டி.சி. அடிக்கச் சொல்லியிருக்காங்க. அவங்க உங்க ஃப்ரெண்டை எந்த ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போகணும்?”

பயிற்சியாளர் தலைமையாசிரியரைப் பார்த்தார். “அது... நிர்வாக விஷயம் மேடம்.” இரண்டு மணி நேரம் குதித்த மனிதருக்கு வாயில் வந்தது அவ்வளவுதான்.

தையல்காரி எழுந்துவிட்டாள். “டி.சி.யா? நான் யாருகிட்டயும் கேக்கலையே!” பின்னால் இன்னும் நாலைந்து குரல்கள் எழுந்தன. டி.சி. அக்கா காகிதங்களைத் தலைமையாசிரியரின் மடியில் போட்டாள். “இனிமே நீங்களே அடிச்சுக்குங்க சார்.”

பெற்றோர் மேலிடம் வரை போவோம் என்று நின்றதால் ஏழு பேரும் அதே பள்ளியில் தேர்வு எழுதினார்கள். நான்கு பேர் தேறினார்கள். மூன்று பேர் தேறவில்லை. வாசலில் இருந்த பலகை சொல்லாமல் கொள்ளாமல் காணாமல்போனது. டி.சி. அக்காவைப் புத்தகக் கிடங்குக்குத் தூக்கிப் போட்டார்கள். தண்டனையாம். அங்கே தூசிதான் இருந்தது, பொய்யாகக் கடிதம் அடிக்கச் சொல்ல யாரும் இல்லை என்பதால் அவள் நிம்மதியாகத் தும்மினாள்.

தோற்ற மூவரில் தையல்காரியின் மகளும் ஒருத்தி. மறுதேர்விலும் தோற்றாள். மூன்றாம் முறை நாற்பத்தொன்று எடுத்துவிட்டுக் கிடங்குக்கு ஓடிவந்தாள்.

“ரெண்டு தடவை எதுல போச்சு?” என்று கேட்டாள் அக்கா.

“முதல்ல, வடிவியல் வராதுன்னு அப்படியே விட்டுட்டேன். அடுத்த தடவை அதையே புடிச்சுத் தொங்கினேன், கடைசி ரெண்டு பக்கத்துக்கு நேரமே இல்ல.”

“இந்தத் தடவை?”

“தெரிஞ்சதை முதல்ல போட்டேன். தெரியாததைப் பார்த்து அழுறதைக் கடைசிக்கு வச்சுக்கிட்டேன். அழ நேரமில்லாம போச்சு.”

கோட்டுக்காரன் இதில் ஒரு வரியாவது சொன்னானா என்று அக்கா யோசித்துப் பார்த்தாள். சொன்னதாக நினைவில்லை.

“அக்கா, மேல் வகுப்புக் கணக்குப் புத்தகம் பழசு இருக்குமா?”

“மறுபடியும் கணக்கா? உனக்கென்ன கிறுக்கா?” என்று திட்டிக்கொண்டே ஏணியை இழுத்துப் போட்டாள்.