ஃபேடர் மேல் இருந்த கை

திடலில் தண்ணீர் லாரி நிற்பதைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல் கிளம்பிவிட்டது. கும்மி அரங்கேற்றம் என்றால் எங்கள் பக்கத்தில் முதல் வேலை திடலை நனைப்பதுதான். பெண்கள் வட்டம் வட்டமாக நின்று ஆடும்போது புழுதி கிளம்பும். முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் தலை முதல் கால் வரை திருநீறு பூசியது போல ஆகிவிடுவார்கள். அதனால் மதியமே லாரியை வரவழைத்துச் சொதசொதவென்று நனைத்துவிடுகிறார்கள். ஆடுகிறவர்கள் செருப்புப் போடமாட்டார்கள், பாடுகிறவர்களும் அப்படித்தான். ஈரத் தரை, வெறுங்கால், கையில் ஒயர் மைக். இவை ஓரிடத்தில் சேர்ந்தால் மைக் செட்டுக்காரனுக்கு நெஞ்சு படபடக்க வேண்டும். படபடக்காதவன் வேறு தொழில் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்குச் சும்மாவே படபடக்கும். ஸ்பீக்கர் பாக்ஸ் ஏற்றி இறக்க வரும் ஆட்கள் முதுகுக்குப் பின்னால் என்னைச் 'சுடுதண்ணி' என்று சொல்வார்களாம். காலில் கொட்டிக்கொண்டவன் மாதிரி அலைகிறேனாம். அலைவேன்தான். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரில் உட்கார்கிறவன் அங்கேயே உட்கார்ந்திருந்தால் கடைசி வரிசையில் என்ன கேட்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்கு அந்தப் படபடப்பு இரட்டிப்பானதற்குக் காரணம் என் மனைவி. அரங்கேற்றத்தைத் தொடங்கிவைக்கும் காப்புப் பாட்டை அவள்தான் பாடப்போகிறாள்.

அவளுக்குத் தைராய்டு கட்டி எடுத்தார்கள். ஆபரேஷன் முடிந்து வந்தபோது வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் திரும்பியது, ஆனால் பழைய குரல் இல்லை. மெலிதாக, கரகரப்பாக வரும். பேசிக்கொண்டே இருக்கும்போது தேய்ந்துபோன ஒயர் மாதிரி சட்டென்று விட்டுப்போகும். தொண்டையை வருத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து அவளுக்கும் சேர்த்து நானே பேசினேன். போன் வந்தால் நான் எடுப்பேன். கடையில் என்ன வேண்டும் என்று நான் சொல்வேன். உறவுக்காரர்கள் வந்து "இப்ப எப்படி சாமி இருக்குது?" என்று அவளைக் கேட்டால் "தாவலீங்க", பரவாயில்லை, என்று நான் பதில் சொல்வேன். நல்லதுக்குத்தான் செய்தேன், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

நடக்கச் சொன்னார்கள் என்று அவள் கும்மிப் பயிற்சிக்குப் போனாள். ஆடுவதற்குக் குரல் தேவையில்லையே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒருநாள் வாத்தியார் பாட்டை நிறுத்திவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருக்க, இவள் அடுத்த வரியைத் தானாக எடுத்துப் பாடியிருக்கிறாள். அவர் திரும்பி வந்து, அரங்கேற்றத்தில் காப்பை நீங்களே பாடுங்கள் என்று சொல்லிவிட்டார். சோறு போடும்போது இதைச் சொன்னாள். பார்க்கலாம் என்றேன். எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம்.

"பாக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. ஒத்துக்கிட்டேன்" என்றாள்.

எடப்பாடியிலிருந்து அவள் பிறந்த வீட்டு ஆட்கள் வேன் பிடித்து வருகிறார்கள். ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும். அத்தனை பேர் முன்னால் குரல் விட்டுப்போனால், அதற்குப் பிறகு அவள் வீட்டுக்குள்கூட வாயைத் திறக்கமாட்டாள் என்று பயந்தேன். மைக் செட் வேறு என்னுடையது. அந்த அவமானம் என் பாக்ஸ் வழியாகத்தானே ஊருக்குக் கேட்கும்.

புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊர் அது. திடலுக்குப் பக்கத்திலேயே ஒரு கோழிப்பண்ணை. கரண்ட் அங்கிருந்துதான் இழுத்திருந்தார்கள். பண்ணைக்காரர்தான் விழாக் கமிட்டியிலும் முன்னால் நிற்கிறவர். மிக்சரை நான் எப்போதும் மேடைக்குப் பக்கத்தில் வைக்கமாட்டேன். கூட்டத்துக்குக் கேட்பது எனக்கும் கேட்க வேண்டும். திடலுக்கு எதிரே பெஞ்சு போட்டு, அடியில் பலகை பரப்பி, ஈரம் எட்டாத உயரத்தில் வைத்தேன். மைக் ஒயர் ஒரு பக்கம், கரண்ட் ஒயர் எதிர்ப்பக்கம். இரண்டையும் ஒன்றாகக் கட்டி இழுத்தால் கரண்டின் இரைச்சல் மைக்கில் ஏறிக்கொள்ளும். ஒவ்வொரு மைக்கின் சத்தத்தையும் ஏற்றி இறக்கும் ஃபேடர்களை அடிமட்டத்துக்கு இறக்கி, கெயின் திருகுகளைக் குறைத்து வைத்தேன். முதலில் மிக்சர் சுவிட்ச், கடைசியில் ஆம்ப். நிறுத்தும்போது முதலில் ஆம்ப். இதை மாற்றிச் செய்தால் பாக்ஸில் டொப்பென்று ஓர் அடி விழும். ஸ்பீக்கரும் போகும், அதன் முன்னால் விளையாடும் குழந்தையின் காதும் போகும்.

ஆம்பைப் போட்டதும் பாக்ஸ்கள் 'ம்ம்ம்' என்று இரைய ஆரம்பித்தன. மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டரை ஏற்ற ஏற்ற இரைச்சலும் ஏறியது. மிக்சரின் இரும்பு ஓரத்தில் புறங்கை பட்டபோது எறும்பு ஊர்வது போல இருந்தது. டெஸ்டரை எடுத்து மைக்கின் வலையில் வைத்தேன். விளக்கு லேசாக எரிந்தது.

பண்ணைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார். "என்னுங்ணா, இன்னும் இரையுது? போன தடவ வந்தவரு பிளக்குல அந்தப் பெரிய முள்ள முறிச்சு வீசிட்டாரு. கப்புனு நின்னு போச்சு. நீங்களும் முறிச்சு உடுங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எங்கள் தொழிலில் பாதிப் பேர் செய்கிற காரியம் இது. இரைச்சல் வந்தால் பிளக்கின் எர்த் முள்ளை முறித்துவிடுவார்கள். சில நேரம் சத்தம் நிற்கவும் செய்யும். ஆனால் எங்கேயாவது கரண்ட் கசிந்தால் அது மண்ணுக்குள் போவதற்கு இருக்கிற வழியே அந்த முள்தான். அதை அடைத்துவிட்டால் கசிவு மிக்சரின் இரும்பில் ஏறி, ஒயர் வழியாக மைக்குக்குப் போய், மைக்கைப் பிடித்திருக்கும் ஆள் வழியாக ஈரத் தரைக்கு இறங்கும்.

"முள்ள முறிச்சா சத்தமும் நிக்கும்ங்க, மைக்கப் புடிக்கறவங்க மூச்சும் நிக்கும்ங்க. புடிக்கப் போறது எங்க ஊட்டுக்காரிங்க" என்றேன்.

நான் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கரண்ட் ஒயரைப் பிடித்துக்கொண்டு பண்ணைக்குள் போனேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சுவரோரம் கிடந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் திருப்புளியால் கழற்றிப் பார்த்தேன். வெளியே மூன்று ஓட்டை, உள்ளே இரண்டே ஒயர். எர்த்துக்கு உரிய ஓட்டை சும்மா வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. போன தடவை முள்ளை முறித்தவரும் சரி, இந்தப் பெட்டியைச் செய்தவரும் சரி, எந்தத் தைரியத்தில் ராத்திரி தூங்குகிறார்கள் என்று தெரியவில்லை.

அதைத் தூக்கி ஓரமாக வீசிவிட்டு, என்னிடமிருந்த மூன்று கோர் ஒயரை மெயின் போர்டிலிருந்தே நேராக இழுக்க முடிவு செய்தேன். அதற்கு மெயினை நிறுத்த வேண்டும்.

"ஐயோ, நிறுத்தாதீங்ணா! வெளக்கு போனா கோழி மெரண்டுக்கும். நாளைக்கு முட்ட கொறைஞ்சு போகும்ங்க" என்று பண்ணைக்காரர் பதறினார்.

"சித்த நேரந்தாங்க."

"சித்த நேரம்னாலும் அதுகளுக்குத் தெரியுமுங்களா?"

நிறுத்தினேன். உள்ளே கோழிகள் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தன. அவசர அவசரமாக ஒயரை முடுக்கி, மறுபடியும் மெயினைப் போட்டேன். கசிவு வந்தால் தானாக விழுகிற பிரேக்கர் அந்தப் போர்டில் இருந்தது நல்ல காலம். அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினேன். படக்கென்று விழுந்தது. கோழிகள் இன்னொரு தடவை கத்தின. பண்ணைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

பிரேக்கரைத் திரும்ப ஏற்றிவிட்டு வந்து மைக்கில் வைத்துப் பார்த்தால், டெஸ்டர் இன்னும் மினுக்கியது. பண்ணைக்கு வெளியே எர்த் குழியைப் போய்ப் பார்த்தால், மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. குழி தோண்டிய நாளுக்குப் பிறகு ஒருவரும் அதில் தண்ணீர் ஊற்றியிருக்கமாட்டார்கள் போலிருந்தது. காய்ந்த மண் கரண்டை வாங்காது. அப்போதுதான் லாரி ஞாபகம் வந்தது. கிளம்பப் போன டிரைவரை ஓடிப்போய் மறித்து, மிச்சத் தண்ணீரை அந்தக் குழியில் விடச் சொன்னேன். மத்தியானம் முழுக்க அந்த லாரியை நான் திட்டியது அவருக்குத் தெரியாது. சந்தோஷமாக வந்து விட்டுவிட்டுப் போனார்.

திரும்பி வந்து ஆம்பைப் போட்டேன். பாக்ஸ்கள் அமைதியாக இருந்தன. மைக்கின் வலையில் டெஸ்டர் எரியவில்லை. நாலு இடத்தில் வைத்துப் பார்த்தேன், மனம் ஒப்பாமல் மறுபடியும் வைத்துப் பார்த்தேன். அதற்குள் வெயில் தாழ்ந்து, ஒரே நிறச் சேலையில் பெண்கள் திடலில் கூட ஆரம்பித்திருந்தார்கள். எடப்பாடி வேனும் வந்துவிட்டது.

மனைவியைக் கூப்பிட்டு ஒரு வரி பாடச் சொன்னேன். சேலை ஓரத்தில் சேறு அப்பியிருக்க, மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பாடினாள். மற்றவர்களுக்கு வைக்கிற கெயினில் அவள் குரல் எழும்பவே இல்லை. ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன். ஓர் அளவுக்கு மேல் போனால் பாக்ஸ் சத்தத்தை மைக்கே திரும்ப வாங்கிக் 'கீ' என்று கத்தும். பாக்ஸ்களை அவளுக்கு முன்னால் தள்ளி, முகத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினேன். மைக்கை உதட்டுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். குரல் போதுமான அளவு வருகிறது என்று காட்டும் பச்சை விளக்கு மிக்சரில் ஒருவழியாக எட்டிப் பார்த்தது.

பிறகு மிக்சருக்கு அழைத்து வந்து என் ஏற்பாட்டைச் சொன்னேன். அவள் சேனலுக்கு அடுத்ததுதான் வாத்தியாரின் காட்லெஸ் மைக். "கொரல் உட்டுப்போச்சுன்னா உன்னைய டக்குனு எறக்கிடறேன். வாத்தியார ஏத்திடறேன். அவரு புடிச்சுக்குவாரு. ஒருத்தருக்கும் தெரியாது."

மிக்சரில் உட்காரும் எவனும் இதைத்தான் செய்வான். ஃபேடர் இருப்பதே அதற்குத்தான்.

"எறக்காதீங்க" என்றாள்.

"ஏன்?"

"ஊட்டுல நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நீங்க பேசி முடிச்சர்றீங்க. இங்க எங்கொரலு வந்தாலும் சரி, போனாலும் சரி, நீங்க கை வெக்காதீங்க."

சொல்லிவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் திடலுக்குப் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. எர்த்துக்காகக் கோழிகளோடு சண்டை போட்டவன் நான், அது யாருக்காக? நாலு எட்டு அவள் பின்னால் போனேன். திரும்பி வந்தேன். மறுபடியும் எழுந்தேன். பாக்ஸ் இறக்கும் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

வாத்தியார் நடுவில் நின்று கையை உயர்த்தினார். வட்டங்கள் அசையாமல் நின்றன. அவள் ஆரம்பித்தாள்.

முதல் வரி வந்தது. மெலிதாக இருந்தாலும் கடைசி வரிசை வரை தெளிவாகப் போனது. கைகள் ஒன்றாகத் தட்டின. இரண்டாவது வரியும் வந்தது. மூன்றாவது வரி மேலே ஏறும். அந்த ஏற்றத்தில் குரல் விட்டுப்போனது.

எல்லாப் பாக்ஸிலும் அவள் மூச்சு மட்டும் கேட்டது. ஆடியவர்கள் தூக்கிய கையோடு நின்றுவிட்டார்கள். வாத்தியார் என்னைப் பார்த்துத் தன் மைக்கைத் தட்டிக் காட்டினார், ஏற்று என்று. பிறந்த வீட்டு வரிசையில் ஒரு தலை குனிந்தது. என் ஒரு விரல் அவள் ஃபேடரில், இன்னொரு விரல் வாத்தியார் ஃபேடரில். அரை நொடி வேலை. எத்தனையோ பேருடைய தடுமாற்றத்தை அப்படி மூடியிருக்கிறேன். என் விரல் தானாக அசைய ஆரம்பித்தது. கையை வெடுக்கென்று இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அவள் கனைத்தாள். அந்தக் கனைப்பு திடல் முழுக்கக் கேட்டது. நான் வேலை செய்த எந்த மேடையிலும் அப்படி ஒரு சத்தத்தை வெளியே விட்டதில்லை. பிறகு அதே வரியை, கொஞ்சம் கீழிருந்து எடுத்து, மறுபடியும் பாடினாள். கரகரவென்றுதான் இருந்தது. இனிமை என்று சொன்னால் பொய். ஆனால் தாளம் தப்பவில்லை. நின்றுபோன கைகள் சரியாக அந்த இடத்தில் இறங்கித் தட்டின. பாட்டை முழுவதும் பாடி முடித்தாள். இன்னும் இரண்டு இடத்தில் குரல் போனது, இரண்டு தடவையும் அவளே போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

காப்பு முடிந்து, அடுத்த பாட்டுக்கு முன்னால் வட்டங்களை வாத்தியார் சரி செய்துகொண்டிருந்தார். அவள் ஓரமாகப் போய் அவள் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள், மைக்கை மடியில் வைத்துக்கொண்டு. பாடி முடித்தவரின் சேனலை உடனே இறக்க வேண்டும். இது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. நான் இன்னும் கையின் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

எல்லாப் பாக்ஸிலும், கோழிப்பண்ணைக்கு அந்தப் பக்கம் வரைக்கும், அந்தக் கரகரத்த குரல் கேட்டது.

"எங்க ஊட்டுக்காரரு கையே வெக்கல, பாத்தியாக்கா?"

திடல் மொத்தமும் சிரித்து என் பக்கம் திரும்பியது. பண்ணைக்காரர் கோழிகளை மறந்து கையைத் தட்டினார். நான் அவள் ஃபேடரைத் தேடுகிறவன் போல மிக்சருக்குள் குனிந்துகொண்டேன். அது கண்ணெதிரேதான் இருந்தது. இன்னும் ஏதாவது பேசுவாளோ என்று கொஞ்ச நேரம் இறக்காமலே விட்டுவைத்தேன்.